லீ சிலை யாருக்காக நின்றது?

ராபர்ட் லீயின் சிலைகளை அகற்றியது வரலாற்றை அழிக்கும் செயல் என்று அமெரிக்காவில் பலர் இன்னமும் பேசுகிறார்கள். அந்தச் சிலைகள் எழுந்த ஆண்டுகளைப் பார்த்தாலே இந்த வாதம் நிற்காது.

அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் தளபதி லீ, உள்நாட்டுப் போரில் தோற்று 1865 ஏப்ரலில் சரணடைந்தார். அந்த மாநிலங்களின் தலைநகராக இருந்த, வர்ஜீனியாவின் ரிச்மண்டில் அவருக்குச் சிலை திறக்கப்பட்டது 1890 மே மாதத்தில். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் வாக்களித்தார்கள், சட்டமன்றம் வரை போனார்கள். அந்த வாக்கைப் பறிக்கும் வேலையும் கூடவே நடந்தது. 1902இல் வர்ஜீனியாவின் புதிய அரசமைப்புச் சட்டம் வாக்கு வரி விதித்து அதை முடித்துவைத்தது. 1907இல் தென் மாநிலங்களின் அதிபராக இருந்த ஜெபர்சன் டேவிஸ், 1919இல் அவற்றின் தளபதிகளில் ஒருவரான ஸ்டோன்வால் ஜாக்சன் என்று, ரிச்மண்டில் லீ சிலை நின்ற சாலையிலேயே சிலைகள் பெருகின. இவற்றை மாண்டவர்களுக்கான அஞ்சலி என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஊர் யாருடையது என்று கறுப்பின மக்களுக்கு நாள்தோறும் உணர்த்தவே இவை நின்றன. போரின் புண்களைக் கிளறும் நினைவுச் சின்னங்கள் வேண்டாம் என்று 1869இல் கடிதம் எழுதியவர் லீயேதான்.

அன்றே எதிர்த்தவர்களும் உண்டு. ‘ரிச்மண்ட் பிளானட்’ பத்திரிகை ஆசிரியரும் நகர மன்ற உறுப்பினருமான ஜான் மிட்செல், காலம் வரும்போது லீ சிலையை இறக்கவும் கறுப்பினத்தவர் இருப்பார் என்று எழுதினார். 2021 செப்டம்பர் 8 அன்று சிலையை இறக்கியது கறுப்பினத்தவர் ஒருவரின் நிறுவனம்.

அதே வர்ஜீனியாவின் ஷார்லட்ஸ்வில்லில் சிலையை அகற்றக் கொடுத்த விலை பெரிது. 2016இல் ஒரு பள்ளி மாணவி மனு எழுத, மறு ஆண்டு அங்கிருந்த லீ சிலையை அகற்ற நகர மன்றம் தீர்மானித்தது. அதை எதிர்த்து அந்த ஆகஸ்டில் வெள்ளை இனவெறியர்கள் திரண்டார்கள். அவர்களில் ஒருவன், தங்களை எதிர்த்துத் திரண்ட கூட்டத்துக்குள் காரை ஓட்டியதில் ஓர் இளம்பெண் உயிரிழந்தார். போர்ச் சின்னங்களை அகற்ற விடாத மாநிலச் சட்டம் 2020இல்தான் திருத்தப்பட்டது. 2021 ஜூலையில் இறங்கிய சிலையை, கறுப்பின மரபு மையம் ஒன்று 2023இல் உருக்கியது. அந்த வெண்கலத்தில் புதிய பொதுக் கலைப்படைப்பு ஒன்றை உருவாக்குவது திட்டம்.

உருக்காமல் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கலாமே என்பவர்களின் கேள்வி நியாயமானதுதான். ரிச்மண்டில் சிலைகள் கறுப்பின வரலாற்று அருங்காட்சியகத்திடம் போயின. வண்ணம் வீசப்பட்ட டேவிஸ் சிலை 2022இல் வேலன்டைன் அருங்காட்சியகத்தில் கிடத்தியபடியே காட்சிக்கு வந்தது. வழிகள் வேறானாலும் இரண்டு ஊர்களிலும் சிலைகள் கறுப்பின அமைப்புகளின் பொறுப்புக்கு வந்திருக்கின்றன. போருக்குப்பின் வடக்கு வெள்ளையரும் தெற்கு வெள்ளையரும் கைகுலுக்கியபோது கறுப்பின மக்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.