குட்டி போட்ட நாய்க்கு முடி கொட்டுகிறதா? முதலில் அதன் தட்டைப் பாருங்கள்

குட்டிகளையெல்லாம் கொடுத்து முடித்த பிறகுதான் பலரும் தாய் நாயை என்னிடம் கூட்டிவருகிறார்கள். குட்டிகளுக்குப் பூச்சி மருந்து, தடுப்பூசி என்று அதற்கு முன்பே சில தடவை வந்திருப்பார்கள். அப்போதெல்லாம் தாய் வீட்டில்தான் கிடந்திருக்கும். கடைசியில் வரும்போது அதற்கு விலா எலும்பை எண்ணிவிடலாம். வால் மெலிந்து, தொடையின் பின்புறமும் வயிறும் கழுத்தும் வெறுமையாகியிருக்கும். அதோடு நின்றிருந்தால் எனக்கு இவ்வளவு வருத்தம் இருக்காது. உடம்பெல்லாம் கறுப்பாக எதையோ பூசியிருப்பார்கள். ஒர்க்‌ஷாப்பில் கேட்டு வாங்கிய பழைய எஞ்சின் ஆயில் என்பது வாடையிலேயே தெரிந்துவிடும்.

முடி கொட்டியதால் அந்த நாய்க்கு ஆபத்து எதுவும் வந்திருக்காது. கொட்டாமல் இருக்கச் செய்த வைத்தியத்தால்தான் தோல் வெந்து, வாந்தி எடுத்து, சாப்பாட்டை விட்டு வந்து நிற்கும். மாதத்துக்கு மாதம் இதையே பார்ப்பதால்தான் எழுதுகிறேன்.

இந்த முடி உதிர்வு நோயல்ல

குட்டி ஈன்று பால் கொடுப்பது உடம்புக்குப் பெரிய உழைப்பு. அந்த நேரத்தில் ஏராளமான முடிக்கால்கள் ஒரே சமயத்தில் வளர்ச்சியை நிறுத்தி ஓய்வுக்குப் போய்விடுகின்றன. ஓய்வுக்குப் போன முடி உடனே விழாது. ஈன்று ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் அது கொத்துக் கொத்தாக வரும். பிரசவமான பெண்களுக்குச் சில மாதங்கள் கழித்து முடி கொட்டுவதும் இதே காரணத்தால்தான். அடியில் புது முடி கிளம்பத் தொடங்கியதால்தான் பழையது விழுகிறது.

லாப்ரடார், ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற குட்டை முடி நாய்களுக்கு மூன்று நான்கு மாதங்களில் மேனி பழையபடி ஆகிவிடும். ஸ்பிட்ஸ், கோல்டன் ரெட்ரீவர் போன்ற அடர்ந்த முடி நாய்களுக்கு ஆறு மாதமாகலாம், சிலவற்றுக்கு ஒரு வருடத்தைத் தாண்டும். இந்தக் காலத்தைக் குறைக்கும் மருந்து எதுவும் கிடையாது. ஆனால் சாப்பாடு சரியில்லை என்றால் இது இன்னும் நீளும், வரும் முடியும் மெலிந்து, வெளுத்து, பளபளப்பில்லாமல் வரும்.

"முட்டை போட்டா முடி கொட்டும் டாக்டர்"

இந்த வாக்கியத்தைக் கேட்காத வாரம் எனக்கு இல்லை. கூடவே இன்னொன்றும் வரும்: "கோழிக்கறி சூடு, அதான் நிறுத்திட்டோம்." முடி கொட்டத் தொடங்கியதும் முதல் வேலையாக முட்டையையும் கறியையும் நிறுத்தி, பால் சோறும் தயிர் சோறும் பிஸ்கட்டும் மட்டும் போடுகிறார்கள். அந்தத் தாயின் உடம்பு எதற்காக ஏங்கிக்கொண்டிருக்கிறதோ அதையே பிடுங்கிக்கொள்கிறார்கள்.

முடி என்பது ஏறக்குறைய முழுக்கப் புரதம். நாய் சாப்பிடும் புரதத்தில் கால் பங்குக்கும் மேல் தோலுக்கும் முடிக்குமே செலவாகிறது. பால் சுரப்பு உச்சத்தில் இருக்கும் மூன்றாவது நான்காவது வாரத்தில், குட்டிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து, தாய்க்கு வழக்கத்தைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு உணவு வேண்டும். கிடைக்காவிட்டால் தன் தசையைக் கரைத்துப் பாலாக்கிக் குட்டிகளுக்குக் கொடுத்துவிடும். மிச்சம் இருப்பதில்தான் முடி வளர வேண்டும். மிச்சமே இல்லாதபோது எங்கிருந்து வளரும்?

முட்டை பற்றிய நம்பிக்கைக்கு ஒரு சிறு மூலம் உண்டு. பச்சை முட்டையின் வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற பொருள், தோலுக்கும் முடிக்கும் தேவையான பயோட்டின் வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பச்சை வெள்ளைக்கருவையே நாள்தோறும் நிறையக் கொடுத்து வந்தால் குறைபாடு வரலாம். வேகவைத்தால் அவிடின் செயலிழந்துவிடும். வேகவைத்த முழு முட்டை தாய் நாய்க்குக் கொடுக்கக்கூடிய மிக நல்ல, மலிவான புரதம்.

கோழிக்கறி ஒத்துக்கொள்ளாத நாய்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவை குட்டி போட்ட பிறகு திடீரென்று மொத்தமாக முடியை உதிர்ப்பதில்லை. வருடம் முழுக்கக் காதைச் சொறியும், பாதத்தை நக்கும். இரண்டையும் குழப்பி, பால் கொடுத்துத் தேய்ந்துபோன நாயைப் பட்டினி போடாதீர்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும், எதிர்வீட்டுக்காரர் சொன்னது என் பேச்சைத் தோற்கடித்துவிடுகிறது.

பூசும் வைத்தியங்கள்

பழைய எஞ்சின் ஆயிலில் பெட்ரோலியக் கழிவும் உலோகத் துகள்களும் இருக்கின்றன. தோலை அது எரிக்கும். நாய் தன் உடம்பை நக்கும்போது வயிற்றுக்குப் போகும். வாந்தி எடுக்கும்போது நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. பால் குடிக்கும் குட்டிகள் இருந்தால் அவற்றின் வாய்க்கும் போகும். மண்ணெண்ணெயும் இப்படித்தான். தயவுசெய்து இந்த இரண்டையும் எந்த உயிரின் மீதும் ஊற்றாதீர்கள்.

வேப்பெண்ணெய் இயற்கையானதாயிற்றே என்பார்கள். புண்பட்ட தோலில் அப்படியே தேய்த்தால் எரியும், நக்கினால் வாந்தி வரும். தேங்காயெண்ணெய் விஷமில்லை. ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி சேர்ந்து, தோலில் ஏற்கெனவே இருக்கும் பூஞ்சை பெருக வசதியாகிவிடும். ஒரு வாரத்தில் நாயிடம் கெட்ட வாடை வரும். அப்போது பினாயில் கலந்து குளிப்பாட்டுவார்கள்! தரை துடைக்கும் திரவம் தோலுக்கானது அல்ல என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது.

அடுத்தது மருந்துக்கடைக் களிம்பு. படை, அரிப்பு, சொறி எல்லாவற்றுக்கும் ஒரே குழாய் என்று ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமி மருந்து மூன்றும் கலந்து விற்பதை மனிதர்களே தடவக் கூடாது என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதை நாய்க்குத் தடவினால் இரண்டு நாளில் சிவப்பு அடங்கும், எல்லோருக்கும் நிம்மதி. உள்ளே படையோ சிற்றுண்ணிச் சொறியோ இருந்தால், ஸ்டீராய்டு கொடுத்த இடத்தில் அது தாராளமாகப் பரவும். மூன்று வாரம் கழித்து, மூன்று மடங்கு பரப்பில், என்னிடம் வரும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது, மாட்டுக்கு வாங்கிய மருந்தைக் குத்துமதிப்பாக நாய்க்குப் போடுவது. ஐவர்மெக்டின் ஊசியின் அளவு கொஞ்சம் தப்பினாலும் எச்சில் வழிந்து, நடை தள்ளாடி, நினைவிழக்கலாம். கோலி வகை நாய்களுக்கும் அவற்றின் கலப்புகளுக்கும் மற்ற நாய்கள் தாங்கும் அளவுகூட ஆபத்தாகலாம். அந்த மருந்து பாலிலும் வரும். மாட்டின் உண்ணி மருந்தைத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டுவதும் அப்படியே. பால் கொடுக்கும் தாய்க்குப் பாதுகாப்பான உண்ணி மருந்துகள் இருக்கின்றன, எல்லாமே அப்படியல்ல. எது என்று கேட்க ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளருமா?

வளராது. ஸ்பிட்ஸ், பொமரேனியன், ஹஸ்கி போன்ற இரட்டை அடுக்கு முடி நாய்களை ஒட்ட மழித்தால், சில நாய்களுக்கு மழித்த இடத்தில் மாதக்கணக்கில் முடி வருவதே இல்லை. கோடையென்று மழிப்பவர்கள் அதன் வெயில் மறைப்பையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். நாள்தோறும் பத்து நிமிடம் சீவி விடுங்கள், அதுவே போதும். செத்த முடி வெளியே வந்தால் தோலுக்குக் காற்று படும், சிக்கு விழாது. உண்ணி இருக்கிறதா என்று உங்கள் விரலுக்கும் தெரிந்துவிடும்.

குளியல் பத்து நாளைக்கு ஒரு முறை, வெதுவெதுப்பான நீரில், நாய்க்கென்றே உள்ள ஷாம்புவில். நம் தோலின் அமிலத்தன்மை வேறு, நாயின் தோல் வேறு. நம் பொடுகு ஷாம்பு அதற்கு ஒத்துவராது. குளித்த பின் அடிமுடி வரை துவட்டுங்கள். பால் குடிக்கும் குட்டிகள் இருந்தால் மருந்து ஷாம்புவைக் கேட்காமல் போடாதீர்கள், காம்பில் ஒட்டியிருப்பது குட்டியின் வாய்க்குத்தான் போகும்.

எப்போது உடனே வர வேண்டும்?

பிரசவத்துக்குப் பின் இயல்பாக உதிரும் முடியில் அரிப்பு இருக்காது, தோல் சுத்தமாக இருக்கும். அரிப்பு, வாடை, சிவப்பு, பொருக்கு, சீழ்க்கொப்புளம், காசு அளவில் வட்ட வட்டமாக முடி போவது, தோல் கறுத்துத் தடிப்பது இவற்றில் ஒன்று இருந்தாலும் காரணம் வேறு. காது நுனியும் முழங்கையும் பொருக்குத் தட்டி, இரவெல்லாம் சொறிந்தால் அது மனிதருக்கும் ஒட்டும் சொறியாக இருக்கலாம். வட்டப் படையும் ஒட்டும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் அவசரம். இரண்டிலும் குட்டிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரிசிச் சோறே உணவாக இருக்கும் நாய்களில் துத்தநாகக் குறைவால் கண்ணையும் வாயையும் சுற்றிப் பொருக்கு வருவதுண்டு.

ஈறு வெளுத்திருந்தால் முடியை மறந்துவிடுங்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலும் கொக்கிப்புழுவும் சாதாரணம். பால் கொடுத்து இளைத்த தாயை இரண்டும் வேகமாகச் சாய்த்துவிடும்.

பால் கொடுக்கும் நாய் நடுங்கி, மூச்சிரைத்து, கால் விறைத்து நடந்தால் அது கால்சியம் வீழ்ச்சி. ஈன்ற முதல் நான்கு வாரங்களில், சிறிய இனங்களுக்கு அதிகம் வரும். இரவானாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். முடிக்கும் எலும்புக்கும் நல்லதென்று சினையாக இருக்கும்போதே கால்சியம் மருந்தை அள்ளிக் கொடுப்பது இந்த ஆபத்தைக் கூட்டும்.

பரிசோதனை என்றால் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பது, தேவைப்பட்டால் இரத்தம். ஆறு மாதம் கடந்தும் குட்டை முடி நாய்க்கு முடி வராவிட்டால் தைராய்டையும் பார்ப்போம்.

என்ன கொடுக்கலாம்?

20 கிலோ எடையுள்ள நாய்க்கு, குட்டிகள் பால் மறந்த பிறகு, நாளொன்றுக்குத் தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழிக்கறி கால் கிலோ, 2 வேகவைத்த முட்டை, அதோடு சோறும் கொஞ்சம் பூசணியோ கேரட்டோ. வாரம் இரண்டு நாள் கறிக்குப் பதில் மத்தி மீனை வேகவைத்து முள் எடுத்துக் கொடுங்கள். அதிலுள்ள ஒமேகா 3 கொழுப்பு தோலுக்கு நல்லது. மசாலா, வெங்காயம், பூண்டு கூடாது. ஈரல் வாரம் ஒரு முறை சிறிதளவு, அதற்கு மேல் வேண்டாம். கறிச்சோற்றில் கால்சியம் குறைவு, எவ்வளவு சேர்ப்பது என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கடை உணவு வாங்க முடிந்தவர்கள், பால் கொடுக்கும்போதும் அதன் பிறகு எடை தேறும் வரையிலும் குட்டிகளுக்கான வகையையே தாய்க்கும் கொடுக்கலாம். குட்டிகளுக்கு இரண்டு வார வயதிலிருந்து பூச்சி மருந்து கொடுக்கும் ஒவ்வொரு முறையும் தாய்க்கும் கொடுக்க வேண்டும். மறப்பது எப்போதும் தாயைத்தான்.

முடி கொட்டுகிறதே என்று குட்டிகளை நாலு வாரத்தில் பிரித்துக் கொடுப்பவர்களும் உண்டு. பிரித்தால் முடி நிற்காது, அது முன்பே ஓய்வுக்குப் போய்விட்டது. குட்டிகள்தான் பலவீனமாகிப் போகும். நாய் வளர்ப்பு, விற்பனை பற்றிய 2017 மத்திய விதிகளும் எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. ஒரு நாய்க்கு ஆண்டுக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது என்பதும் அவற்றில் இருக்கிறது.

கெஞ்சிக் கேட்கிறேன்

பெரும்பாலான நாய்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். முடி இன்னும் வரவில்லை, எலும்பைச் சதை மூடவில்லை, அதற்குள் அடுத்த இணை சேர்க்கத் தேதி கேட்டு வருகிறார்கள். குட்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை பேசியிருப்பார்கள். அந்த ஒரு பருவத்தையாவது விட்டுவிடுங்கள். இனி குட்டி வேண்டாம் என்றால், பால் வற்றிய சில வாரங்களில் கருத்தடை செய்யலாம். உடம்பு முழுக்கப் பரவும் டெமோடெக்ஸ் சிற்றுண்ணி நோய் வந்த நாயை இனச்சேர்க்கைக்கு விடவே விடாதீர்கள், அந்தப் பலவீனம் குட்டிகளுக்கும் போகும்.

உங்கள் தெருவில் குட்டிகளோடு ஒரு தாய் இருந்தால், பிஸ்கட் போடும் காசில் அதற்கு ஒரு முட்டையை வேகவைத்துக் கொடுங்கள். வீட்டு நாயாக இருந்தால், குட்டிகளின் முதல் தடுப்பூசிக்கு வரும் அன்றைக்கே தாயையும் கூட்டிவாருங்கள்.