71 கிலோ சண்டையில் பறிபோன தங்கம்! வாங்கியவரே வீடு தேடி வந்து கொடுத்தார்

ஊரே பார்த்துக்கொண்டிருக்க, டெலிவிஷன் கேமராக்கள் ஓடிக்கொண்டிருக்க, ஒரு தங்கப் பதக்கம் பறிபோனது.

பறிகொடுத்தவர் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ். வயது 19. இடம், தென்கொரியத் தலைநகர் சியோல். 1988 அக்டோபர் 2-ந் தேதி. ஒலிம்பிக் குத்துச்சண்டை, 71 கிலோ எடைப் பிரிவின் இறுதிப் போட்டி.

எதிரே நின்றவர் உள்ளூர்க்காரர் பார்க் சி ஹூன். காலிறுதியில் இத்தாலிக்காரர் ஒருவரை இவர் ஜெயித்ததே அப்போது சர்ச்சையானது.

மணி அடித்தது. ஜோன்ஸ் வெளுத்து வாங்கிவிட்டார்!

அமெரிக்க டெலிவிஷன் எண்ணிய கணக்கு இது. முதல் ரவுண்டில் ஜோன்ஸ் விட்ட குத்து 20. பார்க் திருப்பிக் கொடுத்தது வெறும் 3. இரண்டாவது ரவுண்டில் 30-க்கு 15. ரெப்ரி சண்டையை நிறுத்தி, பார்க்கை நிற்க வைத்து 8 வரை எண்ண வேண்டியதாயிற்று. கடைசி ரவுண்டில் 36-க்கு 14. ஆக மொத்தம் 86-க்கு 32.

முடிவை அறிவித்தார்கள். உயர்ந்தது பார்க்கின் கை!

யார் யார் என்ன போட்டார்கள்?

நடுவர்கள் மொத்தம் 5 பேர். ரஷியாவும் ஹங்கேரியும் ஜோன்ஸ் பக்கம், 60-க்கு 56. உருகுவேயும் மொராக்கோவும் பார்க் பக்கம், 59-க்கு 58. உகாண்டா நடுவர் இரண்டு பேருக்கும் 59 என்று சமமாகப் போட்டார். சமம் என்றால் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி. அவர் காட்டியது பார்க்கை. ஒரே ஒரு ஓட்டில் தங்கம் போச்சு.

மொராக்கோ நடுவர் பிறகு சொன்ன காரணம்தான் வேடிக்கை. மற்ற 4 பேரும் எப்படியும் ஜோன்சுக்குத்தான் போடுவார்கள், போட்டி நடத்துகிற நாட்டுக்காரர் மானம் போகாமல் இருக்க நாம் ஒரு ஓட்டு போட்டு வைப்போம் என்று நினைத்தாராம்! எத்தனை பேர் இப்படி நினைத்தார்களோ?

அதற்குச் சில நாள் முன்புதான் அதே அரங்கில் ஒரு ரகளை. கொரிய வீரர் ஒருவர் தோற்றதும் கொரிய அதிகாரிகள் ரிங்கில் ஏறி நியூசிலாந்து ரெப்ரியைத் தாக்கினார்கள். தோற்ற வீரர் ஒரு மணி நேரத்துக்கு மேல் ரிங்கை விட்டு இறங்கவில்லை. விளக்கை அணைத்தும் உட்கார்ந்திருந்தார்.

பார்க்குக்குப் போட்ட 3 நடுவர்களும் சஸ்பெண்ட் ஆனார்கள். நடுவர்களுக்குப் பணம் கைமாறியதாகக் கிழக்கு ஜெர்மனி ரகசிய போலீசின் பைல்களில் எழுதியிருந்தது பின்னால் வெளிவந்தது. ஒலிம்பிக் கமிட்டி விசாரித்தது. லஞ்சத்துக்கு ஆதாரம் இல்லை என்று 1997-ல் கைவிரித்துவிட்டது.

இதிலே இன்னொரு கூத்து. அந்த ஒலிம்பிக்கின் தலைசிறந்த குத்துச்சண்டை வீரர் என்று கோப்பை கொடுத்தார்களே, அது யாருக்கு? தோற்றுப்போன ஜோன்சுக்கு!

குத்துக்குக் குத்து நடுவர்கள் பட்டனை அழுத்தி எண்ணும் கம்ப்யூட்டர் முறை 1992 ஒலிம்பிக்கில் வந்தது. ஜோன்சுக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

அவர் தொழில்முறைச் சண்டைக்குப் போய்விட்டார். 4 எடைப் பிரிவுகளில் உலக சாம்பியன் ஆனார். 2003-ல் ஹெவி வெயிட் பட்டமும் சேர்த்து.

வீட்டு வாசலில் பார்க்

பார்க்கின் கதை வேறு. பரிசு மேடையிலேயே ஜோன்சின் கையைப் பிடித்து உயர்த்தியவர் அவர். தான் தோற்றதாகத்தான் நினைத்தேன் என்று பின்னாளில் அவரே சொன்னார். பள்ளி ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் வேலை பார்த்தார். ஆனால் அந்தத் தங்கம் அவரை நிம்மதியாக இருக்க விடவில்லை.

2023-ல் மகனைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினார். அமெரிக்காவில் பென்சகோலா நகரில் ஜோன்சின் இடத்துக்கே போய்ச் சேர்ந்தார். பதக்கத்தை எடுத்து நீட்டினார். இது உங்களுடையது, திருப்பிக் கொடுக்க வந்தேன் என்றார். மகன் அதை இங்கிலீஷில் சொன்னார்.

ஜோன்சுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வீடியோவை அவர் 2025-ல்தான் வெளியிட்டார்.

ஒலிம்பிக் ஏட்டில் மட்டும் மாற்றம் இல்லை. 71 கிலோ பிரிவு, 1988: தங்கம் பார்க், வெள்ளி ஜோன்ஸ்.