மோட்டார்க் காரில் ஓர் ஒற்றன்

ஆசிரியத் தொழிலில் முப்பதாண்டு கழித்தவர் எவரும் அந்தப் பையனை அறிவர். பாடத்திற் பின்தங்கியவனாயினும் செவி கூரியவன். ஆசிரியர் வராத வேளைகளில் அவனை வாசலண்டை நிறுத்திவிட்டு ஏனையோர் மனம்போனவாறு ஆரவாரஞ் செய்வர். நடைக்கோடியில் அதிபரின் செருப்பொலி கேட்டதும் அவன் "சேர் வாறார்" என்பான். மறுகணம் நாற்பது தலைகளும் புத்தகங்களிற் கவிழ்ந்துவிடும். அதிபர் திருப்தியுடன் திரும்பிச் செல்வார். 2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், அமெரிக்காவிலே, என் மருமகனின் காருக்குள் அப்பையனை நான் மீண்டுஞ் சந்தித்தேன்.

மருமகன் என்றது என் தமக்கையின் மகனை. நியூஜேர்சி மாநிலத்தில் வாழ்கிறான். ரொறன்ரோவில் நடக்கவிருந்த உறவினர் திருமணமொன்றுக்கு அவனும் மனைவியும் ஆறு வயது மகளும் நானுமாகப் புறப்பட்டோம். காரின் முன்கண்ணாடியில் சீட்டுக்கட்டளவான கரிய பெட்டியொன்று ஒட்டியிருந்தது. வீதி திரும்பி மருந்துக்கடையொன்றைக் கடந்ததும் அது கீச்சிட்டது. மருமகன் பதைத்து வேகத்தைக் குறைத்தான். பொலிஸார் எவரையுங் காணோம்.

"மாமா, இதுக்கு ஐந்நூறு டொலர் குடுத்தவர். சரியோ பிழையோ எண்டு நீங்களே சொல்லுங்கோ" என்றாள் அவன் மனைவி. பண்டிதர் என்றால் எவ்வழக்குக்கும் தீர்ப்புக் கூறவல்லவர் என்பது எங்கள் குடும்பத்துப் பழைய மூடநம்பிக்கை. தீர்ப்புக் கூறுமுன் பெட்டியின் இயல்பை அறியவேண்டுமன்றோ? அன்றிரவு தங்கிய இடத்திலும் பின்னரும் தேடிப் படித்தவற்றைச் சுருக்கிச் சொல்வேன்.

றேடார் உணர்கருவி என்பது அதன் பெயர். புகையிரதக் கடவையண்டை நின்றோர், ஊதிக்கொண்டு வரும் வண்டியின் குரல் அது கடந்து சென்றதும் தாழ்ந்து ஒலிப்பதைக் கேட்டிருப்பர். இவ்வியல்பை ஒஸ்திரிய அறிஞர் கிறிஸ்தியன் டொப்ளர் 1842இல் விளக்கினார். பொலிஸாரின் வேகமானி நுண்ணலையை வீச, அது காரிற் பட்டு, அதிர்வெண் மாறி மீளும். அம்மாற்றமே வேகத்தைக் காட்டிக்கொடுக்கும். 1947இல் கனெற்றிக்கற் மாநிலத்துக் கிளாஸ்ரன்பரியில் பொலிஸார் இதனைக் கையாளத் தொடங்கினர். எண்ணெய் நெருக்கடியை அடுத்து 1974இல் அமெரிக்கா எங்கணும் மணிக்கு 55 மைல் என வேக எல்லை விதிக்கப்பட்டபோது, நீண்ட வெறுந்தெருக்களில் ஊர்ந்து செல்ல மனமில்லாதோர் இப்பெட்டியை நாடினர். அவ்வெல்லை 1995இல் நீங்கியது, பெட்டி நீங்கவில்லை.

அதன் வலிமை எளியதொரு கணக்கில் உள்ளது. பொலிஸாரின் அலை காரைத் தொட்டு மீண்டு வருதல் வேண்டும்; செல்கையிலும் மெலியும், மீள்கையிலும் மெலியும். பெட்டிக்கோ செல்லும் அலையே போதும். ஆகையால் வேகமானி காரை அளக்குமுன்னே, வெகு தொலைவிலிருந்தே, பெட்டி அதனைக் கேட்டுவிடும். பொலிஸார் ஓயாது அலை வீசிக்கொண்டிருந்த காலத்தில் இது மெய்யான காவலே. அதனை நான் மறுக்கமாட்டேன்.

பொலிஸாரும் கைகட்டி நிற்கவில்லை. கருவியை ஓயவைத்திருந்து, கார் அண்மியதும் ஒரு கணம் விசையழுத்தும் முறை வந்தது. பெட்டி கத்தும் கணமும் வேகம் பதிவாகும் கணமும் அப்போது ஒன்றே. முன்னே சென்ற காரை அளந்த அலையின் சிதறல் நம் பெட்டிக்கு எட்டினால் உண்டு நற்பேறு. பின்னர் லேசர் வந்தது. அதன் கற்றை ஆயிரம் அடித் தொலைவிலும் ஏறத்தாழ மூன்றடி அகலமே. குறித்த ஒரு காரின் மேலன்றி வேறெதன்மேலும் படாது. பெட்டி அதனை உணர்ந்து அலறுமாயின், அது பெரும்பாலும் இழவு வீட்டில் எழுந்த அலறலே.

மருந்துக்கடையைப் பார்த்து அது கத்தியதேன்? பொலிஸ் றேடார்களுட் பழையன 10.5 கிகாஹேர்ட்ஸ் அளவிலும் அடுத்தவை 24 அளவிலும் பிந்தியவை 33.4 முதல் 36 வரையிலும் இயங்குவன. ஆட்கண்டு தாமே திறக்குங் கடைக்கதவுகளுள் பலவற்றிலும், பக்கத்து வண்டியை உணர்த்தும்படி அண்மைக்காலக் கார்களிற் பொருத்திய கருவிகளிலும் அதே 24 கிகாஹேர்ட்ஸ் அலை உண்டு. நகரத்திலே பெட்டிக்கு ஓய்வேது? ஓர் ஒற்றன் கொணர்ந்ததைப் பிறிதோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறார் திருவள்ளுவர், ஒற்றாடல் அதிகாரத்தில். இங்கே இரண்டாம் ஒற்றனும் உளன், ஆனால் அவன் பொலிஸார் பக்கத்தவன். பெட்டி தானுஞ் சிறிது அலையைக் கசியவிடும். அக்கசிவை மோப்பம் பிடித்துப் பெட்டி வைத்திருப்பவரைப் பிடிக்கும் கருவியும் உண்டு. வெர்ஜீனியா மாநிலத்தில் பெட்டிக்கு முழுத்தடை. பெரும் வணிக வாகனங்களுக்கு 1994 முதல் நாடெங்கும் தடை. நியூஜேர்சியிலும் நியூயோர்க்கிலும் சாதாரணக் கார்களுக்குத் தடையில்லை.

இனி வழக்குக்கு வருவோம். மருமகன் அதனை விளையாட்டாக வாங்கவில்லை. நியூஜேர்சியில் எல்லைக்கு மேல் 15 முதல் 29 மைல் வரை மிகுந்து ஓட்டுவோர்க்கு 4 குற்றப் புள்ளிகள். அவனுக்கு இருமுறை அவ்வாறு நேர்ந்து 8 ஆகிவிட்டது. 12 ஆனால் ஓட்டுரிமை நிறுத்தப்படும். அவனுடைய வேலைத்தலத்துக்குப் பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை. ஓட்டுரிமை போனால் உத்தியோகம் போகும். உத்தியோகம் போனால் வீட்டுக் கடன் என்னாவது? அவன் பெட்டியை வாங்கியது அச்சத்தால். அச்சங்கொண்டவனை நகைத்தல் எளிது; நான் நகைக்கவில்லை.

சிரக்கியூஸ் நகரைக் கடந்து மேற்கே போகும் பெருந்தெருவில் எல்லை 65 மைல். பெட்டி மௌனமாயிருந்தது. அம்மௌனமே அவனுக்குத் துணிவு தந்தது போலும். வேகமானியின் முள் 78ஐத் தொட்டது. திடீரெனப் பெட்டி அலறியது. தடையைக் கடுமையாக மிதித்தான். பின்னால் வந்த பாரவண்டி பெருங்குரலெடுத்து ஊதி, எம்மை உராய்வதுபோலப் பக்கத்து ஒழுங்கைக்கு விலகிச் சென்றது. குழந்தையின் படப்புத்தகம் என் காலடியில் வந்து விழுந்தது. பொலிஸ் கார் ஒன்றுங் காணவில்லை. காரினுள் எவரும் நெடுநேரம் பேசவில்லை.

நெஞ்சு அடங்கிய பின் தீர்ப்புக் கூறினேன். "தம்பி, ஓராண்டு குற்றமின்றி ஓட்டினால் உன் கணக்கில் 3 புள்ளி கழியும் என்று நீதானே சொன்னாய். அதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஐந்நூறு டொலர்ப் பெட்டியோ ஒரு புள்ளியையும் கழிக்காது. வராமற் காப்பதும் லேசர் இல்லாத இடத்தில், ஓயாது அலைவீசும் பொலிஸ்காரன் முன்னே மட்டும். நட்டமான வியாபாரம்."

"எல்லாரும் ஓடேக்க நான் மட்டும் ஊர்ந்தால் பின்னாலை இடிப்பாங்கள், மாமா" என்றான். அதுவும் பொய்யன்று. ஆயினும் சற்றுமுன் எமக்கு இடி வரவிருந்தது ஊர்ந்ததனால் அன்று.

பஃபலோ நகரில் வேறொரு தொல்லை எழுந்தது. பாலங் கடந்தால் ஒன்ராறியோ. அம்மாகாணச் சட்டப்படி பெட்டியைப் பொருத்துவது மட்டுமன்று, காரில் எடுத்துச் செல்வதும் குற்றம். பொலிஸார் பிடியாணையின்றிச் சோதித்துப் பறிக்கலாம். தண்டம் 100 முதல் 1,000 டொலர் வரை. மருமகன் அங்குள்ள நண்பரொருவரின் வீட்டில் அதனை ஒப்படைத்தான். கண்ணாடியில் அது ஒட்டியிருந்த இடத்தில் வட்டமாய் ஒரு தடம் எஞ்சியது.

ஒன்ராறியோப் பெருந்தெருவிற் சிறிது தூரஞ் சென்றிருப்போம். பின்னிருக்கையிலிருந்து குழந்தை கேட்டாள்:

"அப்பா, பெட்டி இல்லையே. இனி ஆர் உங்களை மெல்லப் போகச் சொல்லுறது?"

ஆறு வயதுப் பிள்ளை, தெருவிலே மெதுவாகச் செல்வதற்கு ஒரே காரணம் பெட்டி கத்துவதுதான் என்று கற்றிருந்தாள். வாசலிலே பையனை நிறுத்திய என் மாணாக்கரும் அவ்வாறுதான் அதிபரைக் கற்றார்கள், புத்தகத்தைக் கற்கவில்லை. தாய் திரும்பி மகளைப் பார்த்தாள். தந்தை விடை கூறவில்லை. வேகமானியை நோக்கினான், ரொறன்ரோ சேரும்வரை அடிக்கடி நோக்கினான்.

திருமணம் முடிந்து மீளும்போது பஃபலோவில் நண்பர் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். மருமகன் அதனைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியிலிருந்த தடத்தைப் பார்த்தவாறு சற்று நின்றான். பின்னர் மனைவியின் கைப்பைக்குள் வைத்தான்.

மறு ஆவணியில் கடிதம் வந்தது. 8 புள்ளிகள் 5 ஆகிவிட்டன என்று எழுதியிருந்தான். பெட்டியைப் பற்றி எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.