உண்ணிக்காய்ச்சலை அறிந்து தடுப்போம்

வடகிழக்குப் பருவமழை ஓயும் காலம் நம் உழவர் பெருமக்களுக்கு ஓய்வில்லாத காலமாகும். காவிரியின் இரு கரைகளிலும் சம்பாப் பயிர் தலைநிமிர்ந்து நிற்கும். வாழைத் தோட்டங்களில் களை மண்டும். வரப்பும் வாய்க்கால் கரையும் புல்லும் புதருமாகப் பசுமை பூண்டு விளங்கும். கண்ணுக்கினிய இப்பசுமையிலேயே ஒரு கொடிய காய்ச்சலின் வித்தும் மறைந்திருக்கின்றது. ஐப்பசி தொடங்கி மாசி வரையில் திருச்சிராப்பள்ளி உள்ளிட்ட பல மாவட்டங்களில் ஆண்டுதோறும் பலரை இது பீடிக்கின்றது. 2024–25ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நம் மாநிலப் பொது சுகாதாரத் துறையினர் இதனைக் குறித்து எச்சரிக்கை விடுத்ததும் பலருக்கு நினைவிருக்கலாம். ‘ஸ்க்ரப் டைபஸ்’ என்று மருத்துவர்கள் கூறும் இந்நோய்க்கு மக்களிடையே வழங்கும் பெயர் உண்ணிக்காய்ச்சல்.

இப்பெயர் வழக்கில் வேரூன்றிவிட்டது, மாற்ற இயலாது. ஆயினும் இப்பெயரால் விளையும் தவறான எண்ணம் ஒன்றுண்டு. தென்னூர் உழவர் சந்தைக்கு விடியற்காலையில் காய்கறி கொண்டுவரும் உழவர் சிலரிடம் இக்காய்ச்சலைப் பற்றி ஒருநாள் பேச்சுக் கொடுத்தேன். “அது மாட்டு உண்ணியால் வருவதுதானே ஐயா? எங்கள் கொட்டகையில் மருந்து அடித்துவிட்டோமே” என்றார் ஒரு பெரியவர். அருகில் இருந்தவர்களும் அதனை ஆமோதித்தனர். கொட்டகையைத் தூய்மை செய்தது நன்றே. மாட்டு உண்ணியால் கறவைக்கு இரத்தச்சோகையும் தைலேரியா போன்ற நோய்களும் வருகின்றன, பாலும் குறைகின்றது. ஆனால் நாம் இங்கே பேசுகின்ற காய்ச்சலுக்கு அந்த உண்ணி காரணமன்று. பெரியவர் தம் கொட்டகையில் தேடிய பகைவன், அவர் அன்றாடம் நடக்கும் வரப்போரத்தில் இருக்கின்றான்.

உண்ணி கடித்து மனிதர்க்கு வரும் நோய்கள் உலகில் பல உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தோட்ட வேலை செய்வோரும் காட்டுவழி நடப்போரும் ‘லைம்’ நோய்க்கு அஞ்சுகின்றனர். கனெக்டிகட் மாநிலத்திலுள்ள லைம் என்ற சிற்றூரின் பெயரால் 1970களில் அறியப்பட்ட நோய் அது. நம் நாட்டிலோ, 1957இல் மைசூர் இராஜ்யத்தின் சிவமோகா மாவட்டத்தில் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்து வீழ, காட்டுக்குச் சென்ற மக்களும் காய்ச்சலால் மாண்டனர். காட்டு உண்ணி பரப்பும் அந்நோய்க்கு அக்காட்டின் பெயரே நிலைத்துவிட்டது. 2012இல் நம் நீலகிரிப் பகுதியில் இறந்த குரங்குகளிடத்தும் அந்த நச்சுயிரி காணப்பட்டது. எனினும் காவிரிச் சமவெளியில் வாழும் நமக்கு இவை இரண்டும் அண்டைவீட்டுச் செய்திகளே. நம் வீட்டுச் செய்தி உண்ணிக்காய்ச்சல்தான்.

இதனைப் பரப்புவது உண்ணியின் இனத்தைச் சேர்ந்த மிகச் சிறிய உயிர் ஒன்று. அதனைச் சிற்றுண்ணி என்று குறிப்பிடுவோம். வளர்ந்த சிற்றுண்ணி மண்ணில் வாழ்ந்து, சிறு பூச்சிகளின் முட்டைகளை உண்டு காலம் கழிக்கும். நம்மை ஏறிட்டும் பாராது. முட்டையிலிருந்து வெளிவந்த அதன் குஞ்சுப் பருவமே தீங்கு செய்வது. மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவும், செம்மஞ்சள் நிறமும், ஆறு கால்களும் உடைய இக்குஞ்சு, தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் ஓர் உயிரின்மேல் ஏறி உணவு கொள்கின்றது. பெரும்பாலும் எலியின் காதுமடலே அதற்குப் பந்தி. எலி வரும் வழியில் புல்லின் நுனியிலும் சருகின்மேலும் கூட்டங்கூட்டமாகக் காத்திருக்கும். எலிக்குப் பதிலாகக் களையெடுக்கும் பெண்ணோ, புல்லறுக்கும் சிறுவனோ, ஆற்றங்கரையில் உலாவப் போனவரோ வந்தால் அவர்மேல் தொற்றிக்கொள்ளும். ஆடை இறுகியிருக்கும் இடத்தை நாடி ஊர்ந்து சென்று, அங்கே ஒட்டிக்கொண்டு, இரண்டு மூன்று நாட்கள் தங்கித் தோலின் ஊனீரை உறிஞ்சும். கடித்தது தெரியாது; வலிக்கவும் செய்யாது.

ஒரே முறை உண்ணும் உயிர் எப்படி ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு நோயைக் கொண்டுசெல்லும் என்று கேட்கலாம். அது அப்படிக் கொண்டுசெல்வதில்லை. நோய்க் கிருமி தாய்ச் சிற்றுண்ணியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு இறங்குகின்றது; வழிவழியாக அக்குலத்திலேயே குடியிருக்கின்றது. ஆகவே இந்நோய் கொசுக்காய்ச்சல்போல ஊரெங்கும் பரவுவதில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதுமில்லை. நோயாளியை ஒதுக்கிவைக்க வேண்டிய காரணம் எதுவுமில்லை. கிருமியுள்ள சிற்றுண்ணி ஓரிடத்தில் நிலைகொண்டால் அவ்விடம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு ஆபத்தான திட்டாக இருந்துவரும். ஒரு வாய்க்கால் வளைவு, ஒரு பாழ்மனை, ஒரு களத்துமேட்டின் மூலை என்று அது மிகச் சிறிய இடமாகவும் இருக்கலாம். ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் இதனை மனத்தில் இருத்துதல் வேண்டும். ஒரே தெருவில் இரண்டு மூன்று பேருக்கு இக்காய்ச்சல் கண்டால், அவர்கள் மூவரும் எந்த இடத்திற்குப் போய்வந்தனர் என்று விசாரிப்பது ஊராட்சி செய்யக்கூடிய பயனுள்ள காரியம்.

இந்நோய் நமக்குப் புதிதன்று. சப்பானில் நிகாட்டா பகுதியில் ஆற்றுப்படுகைகளில் பயிர் செய்த குடியானவர்கள் இதனை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். வெள்ளம் வடிந்த நிலத்தில் இறங்கி வேலை செய்யவே அஞ்சினர். கிருமியின் பெயரில் உள்ள ‘சுட்சுகாமுஷி’ என்ற சொல்லும் அவர்களுடையதே. இரண்டாம் உலகப் போரின்போது அஸ்ஸாம், பர்மாக் காடுகளில் ஆயிரக்கணக்கான போர்வீரர்கள் இதனால் படுத்தனர். 1948இல் மலாயாவில் கோலாலம்பூரில் முதன்முதலாக ஒரு மருந்து இதனைக் குணப்படுத்தக் கண்டபின் அச்சம் தணிந்தது. நம் நாட்டில் நோயும் ஏறத்தாழ மறக்கப்பட்டது. 2001–02 குளிர்காலத்தில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், காரணம் விளங்காத காய்ச்சலோடு வந்தவர்களிடம் இதனை மீண்டும் இனங்கண்டனர். அக்கல்லூரியார் பின்னர் வட தமிழகத்தில் 37 சிற்றூர்களில் முப்பதாயிரத்திற்கும் மேற்பட்ட மக்களைத் தொடர்ந்து கவனித்து நடத்திய ஆய்வு 2025இல் வெளியாயிற்று. காய்ச்சலால் மருத்துவமனையில் சேர்வதற்கு நம் கிராமங்களில் இது ஒரு முக்கியக் காரணம் என்பது அதனால் உறுதிப்பட்டது.

இனி நோயின் போக்கைக் காண்போம். சிற்றுண்ணி கடித்துப் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நாட்களில் காய்ச்சல் தோன்றும். கடுமையான தலைவலி, உடல்வலி, குளிர் நடுக்கம், சிலருக்கு இருமலும் வாந்தியும் உண்டாகும். இவை எல்லாக் காய்ச்சலுக்கும் பொதுவான குறிகள். இரத்தத் தட்டணுக்களும் குறைவதால் டெங்கு என்று மயங்குவதும் இயல்பு. இரண்டாவது வாரத்தில்தான் நோய் தன் கொடுமையைக் காட்டும். மூச்சுத்திணறல், மஞ்சட்காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு, மூளைக் கலக்கம் ஆகியன அப்போது நேரும். நோய் முற்றிய ஏறத்தாழ 800 பேருக்கு இந்தியாவின் ஏழு பெரிய மருத்துவமனைகளில் சிகிச்சை அளித்து நடத்தப்பெற்ற ஆராய்ச்சி ஒன்று 2023இல் வெளிவந்தது. இரண்டு மருந்துகளைச் சேர்த்துச் செலுத்துவது ஒன்றை மட்டும் செலுத்துவதினும் நலம் என்று அது நிறுவியது. ஆனால் அத்தகைய உயர்ந்த சிகிச்சை பெற்றும் அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பேர் உயிர் பிழைக்கவில்லை. முதல் வாரத்திலேயே அறிந்தால் சில ரூபாய் மாத்திரையோடு முடிந்துவிடும் நோய் இது!

அறிவது எவ்வாறு? இயற்கையே ஓர் அடையாளத்தை இட்டுவைத்திருக்கின்றது. சிற்றுண்ணி ஒட்டியிருந்த இடத்தில் தோல் கருகி, பீடி நெருப்புப் பட்டாற்போன்ற கறுத்த பொருக்கு ஒன்று உண்டாகும். அதைச் சுற்றிச் சிவந்த வளையம் இருக்கும். வலியோ அரிப்போ இராது. ஆகையால் நோயாளிக்கே அது தெரிவதில்லை. அன்றியும் அது இருக்கும் இடங்கள் மறைவானவை: அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடி, காதின் பின்புறம், அரைஞாண் கயிற்றின் கீழ், பாவாடை நாடா இறுகும் இடுப்பு. மாநிறத்து உடலில் கறுத்த வடு எளிதில் கண்ணிற் படாது.

சென்ற ஆண்டு எங்கள் பகுதியில் வாழைத்தோட்ட வேலைக்குச் சென்ற ஒரு பெண்மணிக்குக் காய்ச்சல் கண்டது. ஓரிடத்தில் நாளுக்கோர் ஊசியாக ஐந்து நாட்கள் போட்டனர், காய்ச்சல் தணியவில்லை. எட்டாம் நாள் மூச்சுத் திணறியபோது பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். அங்கே செவிலியர் ஒருவர் உடைமாற்றும்போது இடுப்பில் அந்தக் கறுத்த வடுவைக் கண்டு மருத்துவரிடம் கூறினார். பன்னிரண்டு நாட்கள் படுக்கையில் இருந்து அவர் வீடு திரும்பினார். “அதை முன்பே பார்த்தேன், கொப்புளம் என்று நினைத்தேன். இதையெல்லாம் யாரிடம் காட்டுவது?” என்றாராம். நம் பெண்கள் கூச்சத்தால் மறைப்பதும், பார்ப்பவர் கேளாதிருப்பதும் ஒன்றுசேர்ந்து உயிருக்கே உலைவைக்கின்றன. கிராம சுகாதாரச் செவிலியரும் மகளிர் சுயஉதவிக் குழுவினரும் இதிலே செய்யக்கூடிய தொண்டு பெரிது. காய்ச்சல் கண்ட பெண்ணை அவருடைய தாயோ, மகளோ, சகோதரியோ தனியே அழைத்து உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்துவிட்டால் போதுமே! வடு இல்லையென்றால் நோய் இல்லை என்று துணியவும் கூடாது. ஏறத்தாழப் பாதி நோயாளிகளிடந்தான் அது காணப்படுகின்றது. மற்றவர்க்கு எலைசா என்னும் இரத்தப் பரிசோதனையே வழி.

நோய்க்கு உரிய மருந்து ‘டாக்சிசைக்ளின்’. கருவுற்ற பெண்களுக்கு ‘அசித்ரோமைசின்’ கொடுப்பர். குழந்தைகளுக்கு எது ஏற்றது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். தக்க மருந்து உட்சென்றால் இரண்டு நாட்களில் காய்ச்சல் இறங்கும். இறங்கியது கண்டு மருந்தை நிறுத்தாமல், மருத்துவர் குறித்த நாள் வரையில் உட்கொள்ளவேண்டும். இக்கிருமி உடலின் உயிரணுக்களுக்கு உள்ளே புகுந்து வாழ்வது. ஆகவே பென்சிலின் வகையைச் சேர்ந்த ஊசிகள் எத்தனை போட்டாலும் இதனிடம் பலிப்பதில்லை. மாத்திரையினும் ஊசியே உயர்ந்தது என்ற நம்பிக்கை நம் சிற்றூர்களில் இன்னும் மாறவில்லை. இந்நோயில் அந்நம்பிக்கை ஆளை ஏமாற்றிவிடும். கடையில் தாமே மருந்து வாங்கி உண்பதும் தவறு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, காய்ச்சல் எத்தனை நாளாக உள்ளது, வயல் வேலை அல்லது புதர் வெட்டும் வேலை செய்ததுண்டா என்ற இரண்டையும் கேளாமலே சொல்லிவிடுங்கள். மருத்துவரின் சிந்தனை சரியான திசையில் திரும்ப அது உதவும்.

தடுப்பூசி இதற்கு இல்லை. வேலை முடிந்ததும் தாமதியாது சோப்பிட்டுத் தேய்த்துக் குளிப்பது முதற் காப்பு. சிற்றுண்ணி ஏறியவுடனே ஒட்டிக்கொள்வதில்லை. ஒட்டியவுடனே கிருமி இறங்கிவிடுவதுமில்லை. இடையே சில மணி நேரம் நமக்குக் கிடைக்கின்றது. வேலைக்கு உடுத்திய ஆடையோடு உறங்காமல், அதனைத் துவைத்து வெயிலில் கொடி கட்டி உலர்த்தவேண்டும். வேலியின்மேலும் புல்லின்மேலும் துணி காயப்போடும் நம் வழக்கம் இந்த ஒரு காரணத்திற்காகவே ஒழியத்தக்கது. நடுப்பகலில் வரப்பில் தலைசாய்ப்போர் ஒரு பாயை விரித்துக்கொள்ளலாம். முழுக்கைச் சட்டையும் காலை மூடும் ஆடையும் நன்மை தரும். சேற்றில் இறங்கி நாற்று நடுவோரிடம் இதனைச் சொல்லிப் பயனில்லை என்பதை அறிவேன். புல்லறுப்போரும், ஊரக வேலைத் திட்டத்தில் வாய்க்கால் கரை செதுக்குவோரும், தோட்டக்காரர்களும் கடைப்பிடிக்கலாம். திருவரங்கத்திலும் தென்னூரிலும் காலையில் உலாவச் செல்லும் நகரத்தாரும் புல்தரையை விட்டு நடைபாதையிலே செல்வது நல்லது.

ஊராட்சியின் பங்கு புதரை அகற்றுவதிலே உள்ளது. ஊர் முழுவதும் வெட்டித் தள்ளவேண்டும் என்று சொல்லவில்லை. அது இயலாது, வேண்டுவதுமன்று. வீட்டுக்கும் வயலுக்கும் இடையேயுள்ள இடங்கள், பள்ளி, அங்கன்வாடி ஆகியவற்றின் சுற்றுப்புறம், பாழ்மனைகள், பேட்டவாய்த்தலையில் தொடங்கி வரும் உய்யக்கொண்டான் போன்ற வாய்க்கால்களில் மக்கள் இறங்கும் படித்துறையோரங்கள் ஆகியவற்றை முதலில் எடுத்துக்கொள்ளலாம். புல்லைக் குட்டையாக வெட்டி வெயில் மண்ணில் விழச் செய்தால், ஈரத்தை நம்பி வாழும் சிற்றுண்ணி அங்கே தங்காது. விறகையும் வைக்கோலையும் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்குவதால் எலி குடியேறுகின்றது. சற்றுத் தள்ளி, மேடையிட்டு அடுக்கலாம். எலி ஒழிப்பைப் புதர் ஒழிப்போடு சேர்த்தே செய்யவேண்டும். எலியை மட்டும் கொன்றுவிட்டால் பசித்த சிற்றுண்ணிக்கு நாமே எஞ்சுவோம். திறந்தவெளியில் மலங்கழிக்கப் புதர் மறைவை நாடுவோருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி. கட்டிய கழிப்பறையை விறகு வைக்கும் அறையாக்கியிருக்கும் வீட்டாரிடம் உறுப்பினர்கள் இக்காரணத்தையும் எடுத்துரைக்கலாம்.

இப்பணிகளுக்கு ஏற்ற காலம் மழைக்கு முன்பும், மழை விட்ட உடனேயும் ஆகும். அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைகள் இதற்கெனவே அமைந்தாற்போல வருகின்றன. எந்தெந்த இடங்களில் புதர் அகற்றுவது என்பதை அக்கூட்டத்திலேயே இடம் குறித்துத் தீர்மானிக்கலாம். சுகாதாரச் செவிலியரை அழைத்து அந்தக் கறுத்த வடுவின் படத்தை எல்லோருக்கும் காட்டச் செய்யலாம். காய்ச்சல் குறித்து ஐயம் எழுவோர் 104 என்ற எண்ணில் கேட்டறியலாம்; மூச்சுத்திணறலோ மயக்கமோ கண்டால் பொழுது விடியட்டும் என்று காத்திராமல் 108 ஊர்தியை அழைக்கவேண்டும்.