பக்கவாதமும் மூளை ஸ்கேனும்: எது செத்தது, எது பிழைக்கும்?

திடீரென்று வாய் கோணுகிறது, ஒரு கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் மருந்து கொடுப்பதற்கு முன்பே ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். ‘முதலில் ஒரு ஊசி போடக் கூடாதா?’ என்று உறவினர்கள் தவிப்பது இயல்புதான். ஆனால், எந்த ஊசி என்பதை அந்தப் படம்தான் முடிவு செய்கிறது.

அடைப்பா, கசிவா?

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டாலும் பக்கவாதம்தான், வெடித்து ரத்தம் கசிந்தாலும் பக்கவாதம்தான். வெளியே தெரியும் அறிகுறிகளை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆனால், அடைப்புக்குக் கொடுக்கிற, ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கசிவுக்குக் கொடுத்தால் உயிரே போய்விடலாம். வீட்டில் இருக்கும் ஆஸ்பிரினையும் ஸ்கேனுக்கு முன்பு கொடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

சி.டி. ஸ்கேனில் புதிதாகக் கசிந்த ரத்தம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். 1971இல் லண்டனில் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியின் மூளையைப் படம் எடுக்கும்வரை மருத்துவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

சி.டி.யிலும் ஒரு குறை உண்டு. அடைப்பு ஏற்பட்ட முதல் சில மணி நேரத்தில் படம் ‘நார்மல்’ என்றே வரலாம். அதை நம்பி வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். எம்.ஆர்.ஐ.யின் டிஃப்யூஷன் படம் இங்கே கைகொடுக்கும். ஆக்சிஜன் கிடைக்காத செல்கள் நீரை இழுத்து வீங்குகின்றன. நீரின் அசைவு குறைந்த அந்த இடம் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே வெள்ளையாகத் தெரியத் தொடங்கும்.

தவித்துக்கொண்டிருக்கும் திசு

100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் வேண்டும். அது 20க்குக் கீழே போனால் செல்கள் வேலையை நிறுத்திவிடும். 10க்கும் கீழே போனால் சீக்கிரமே செத்துவிடும். இந்த இரண்டு அளவுகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட திசு செயலற்றுக் கிடந்தாலும் உயிரோடுதான் இருக்கிறது. அடைப்பை நீக்கினால் பிழைக்கும். பக்கவாத சிகிச்சை முழுவதும் இந்தத் திசுவுக்கான போராட்டம்தான்.

ரத்த ஓட்டத்தை அளக்கும் பெர்ஃப்யூஷன் ஸ்கேன், செத்த பகுதியை ஒரு நிறத்திலும், தவிக்கும் பகுதியை வேறொரு நிறத்திலும் காட்டிவிடும். செத்தது சிறிதாகவும் தவிப்பது பெரிதாகவும் இருந்தால் காப்பாற்ற இன்னும் நிறைய இருக்கிறது என்று பொருள். செத்த பகுதி சிறிதாகவும் அறிகுறிகள் கடுமையாகவும் இருந்த நோயாளிகளுக்கு, 6 முதல் 24 மணி நேரம் கழித்தும் குழாய் செலுத்திக் கட்டியை எடுத்துப் பார்த்தது 2018இல் வெளியான ‘டான்’ ஆய்வு. மூன்று மாதத்தில் அவர்களில் 49 சதவீதம் பேர் பிறர் உதவியின்றி வாழும் நிலைக்கு வந்தார்கள். அந்தச் சிகிச்சை பெறாதவர்களில் 13 சதவீதம் பேர்தான். முன்பெல்லாம் ‘நேரம் கடந்துவிட்டது’ என்று கைவிடப்பட்டிருக்கக் கூடியவர்கள் இவர்கள்!

இதை வைத்து, 24 மணி நேரம் இருக்கிறதே என்று ஆறப்போட்டுவிடக் கூடாது. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன.

மீண்டு வரும் மூளை

படத்தில் பாதிப்பு பெரிதாக இருந்தால் இனி எழவே மாட்டார் என்று பல குடும்பங்கள் மனம் உடைந்துவிடுகின்றன. ஆனால், அளவை விட இடம்தான் முக்கியம். கை கால் அசைவுக்கான நரம்புப் பாதை மூளையின் மேற்பரப்பிலிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்குகிறது. அதன் நடுவே ஒரு பட்டாணி அளவு பாதிப்பு வந்தாலும் ஒரு பக்கம் முழுதும் விழுந்துவிடலாம். அந்தப் பாதை தப்பிவிட்டால், பெரிய பாதிப்பிலும் கை மீளும் வாய்ப்பு அதிகம். டிஃப்யூஷன் டென்சர் என்ற எம்.ஆர்.ஐ. முறை இந்தப் பாதை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று காட்டுகிறது.

மூளை வேலை செய்வதையே படமாக்கும் ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ. இன்னொன்றையும் காட்டியிருக்கிறது. தொடக்கத்தில், பாதித்த கையை அசைக்க முயன்றால் மூளையின் இரண்டு பக்கமும் சேர்ந்து உழைக்கின்றன. நன்றாகத் தேறியவர்களில் அந்த வேலை மெல்ல மெல்லப் பழைய பக்கத்துக்கே திரும்புகிறது. முதல் மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அப்போது பிசியோதெரபியையும் பேச்சுப் பயிற்சியையும் பாதியில் நிறுத்தவே கூடாது.

அறிகுறி தெரிந்ததும் 108ஐ அழையுங்கள். நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தூக்கத்தில் வந்திருந்தால் படுக்கப்போன நேரத்தைச் சொல்லுங்கள். உடலில் பேஸ்மேக்கர் இருந்தால் எம்.ஆர்.ஐ.க்கு முன்பே தெரிவியுங்கள். பழைய ஸ்கேன் படங்களைத் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.