கொள்ளும் மானும் விடும் மானும்: வேட்டைச் சொற்களை மொழிபெயர்த்தல்

ஆங்கில இலக்கியத்தைத் தமிழாக்குவோர் மானைக் குறிக்கும் சொற்களை எளியனவாகக் கருதிக் கடந்துவிடுவதுண்டு. 'ஹார்ட்', 'ஸ்டாக்', 'பக்' ஆகிய மூன்றிற்கும் 'கலைமான்' என்றோ 'ஆண்மான்' என்றோ எழுதிவிட்டால் பொருள் முடிந்துவிட்டதாக அவர்கள் எண்ணுகின்றனர். உண்மையில் இச்சொற்கள் விலங்கின் பெயர்கள் மட்டுமல்ல. எந்த மானைக் கொள்வது, எதனை விடுவது என்னும் வேட்டுவனின் முடிவும் அவற்றில் அடங்கியுள்ளது.

இதற்குச் சிறந்த சான்று, 1406-க்கும் 1413-க்கும் இடையில் யார்க் கோமகன் எட்வர்டு இயற்றிய 'த மாஸ்டர் ஆஃப் கேம்' என்னும் நூல். இதன் பெரும்பகுதி, காஸ்தோன் ஃபேபுஸ் 1387-இல் எழுதத் தொடங்கிய பிரெஞ்சு நூலின் மொழிபெயர்ப்பே என்பது நம் போன்றோர்க்குச் சுவையான செய்தி. செம்மான் ஆணுக்கு இந்நூல் ஆண்டுக்கொரு பெயர் தருகிறது. முதலாண்டில் அது கன்று, இரண்டாம் ஆண்டில் 'புல்லக்' (காளை என்று பெயர்த்துவிடக் கூடாது), மூன்றில் 'புரோக்கெட்', நான்கில் 'ஸ்டாகர்ட்', ஐந்தில் 'ஸ்டாக்', ஆறாம் ஆண்டில்தான் 'ஹார்ட் ஆஃப் டென்'. அப்போதுதான் அது வேட்டைக்குரியதாகிறது. இத்தொடரில் உள்ள 'பத்து' வயதன்று. கொம்பின் கிளைகளின் எண்ணிக்கை. 'பத்து வயதுக் கலைமான்' என எழுதினால் ஆறாண்டு விலங்கிற்கு நான்காண்டு கூடிவிடும். 'பத்துக்கிளைக் கலை' என்பது பொருந்தும்.

விலங்கை நேரில் காணுமுன்பே இம்முடிவு எடுக்கப்பட்டது என்பதும் நோக்கத்தக்கது. விடியற்காலையில் மோப்ப நாயுடன் காட்டிற்குள் சென்றவன் குளம்படியின் அகலத்தை விரலால் அளப்பான். நான்கு விரல் அகலம் நல்ல அறிகுறி. மரத்தில் கொம்பு உரசிய உயரத்தை நோக்குவான். புழுக்கையை ஊதுகொம்பில் இட்டுக் கொணர்ந்து தலைவன்முன் வைப்பான். இவற்றிற்கெல்லாம் ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்கள் உண்டு. பெண்மானின் அடியையோ இளங்கலையின் அடியையோ பெருங்கலையின் அடியென்று பிறழ உணர்ந்தால் அன்றைய வேட்டை பாழ்.

விடப்பட்ட மானுக்கும் ஒரு பெயர் இருந்தது: 'ராஸ்கல்'. தமிழர் வசைச்சொல்லாக நன்கறிந்த அதே சொல்தான்! கீழ்மக்கள் கூட்டத்தைக் குறித்த பழம் பிரெஞ்சுச் சொல்லினின்று தோன்றி, மந்தையில் மெலிந்த, வேட்டைக்குத் தகாத மான்களையும் இது குறித்தது. ஷேக்ஸ்பியரின் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தின் மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியில் டச்ஸ்டோன் கொம்புகளைப் பற்றிப் பேசும்போது உயர்ந்த மானுக்கு எதிராக இச்சொல்லை நிறுத்துகிறான். அங்கே 'போக்கிரி' என எழுதினால் உவமையே குலைந்துவிடும். 'ஒதுக்குமான்' என்பது என் பரிந்துரை.

'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தின் நான்காம் அங்கம் இரண்டாம் காட்சி இன்னும் கடினமானது. இளவரசி கொன்றது 'பிரிக்கெட்' என்கிறான் டல். 'பக் ஆஃப் த ஃபர்ஸ்ட் ஹெட்' என்கிறார் நத்தானியேல். முன்னது கிளைவிடாத கொம்புடைய இரண்டாம் ஆண்டு விலங்கு. பின்னது ஐந்தாம் ஆண்டினது. இரண்டையும் 'இளமான்' என்று பெயர்த்தால் இவர்கள் எதற்காக வாதிடுகின்றனர் என்றே விளங்காது. 'பிரிக்கெட்'டை 'ஒற்றைக்கொம்பு மான்' எனலும் தவறு. அதற்குக் கொம்பு இரண்டே. 'கிளையாக்கொம்புக் கலை' எனலாம்.

தமிழிடம் சொல்வளம் இல்லை என்று இதனால் கொள்ளுதல் கூடாது. தொல்காப்பிய மரபியல், புல்வாய், நவ்வி, உழை ஆகியவற்றின் இளமைக்கு மறி என்றும், பெண்மைக்குப் பிணை என்றும் பெயர் வகுக்கிறது. ஆண்மைப் பெயராக உழைக்குக் கலையும் புல்வாய்க்கு இரலையும் கலையும் வருகின்றன. அப்பாகுபாடு இனமும் பாலும் இளமையும் பற்றியது, ஆண்டு பற்றியதன்று. தவிரவும், ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும் புள்ளிமானின் கொம்பும் உதிராத வெளிமானின் கொம்பும் நமக்கு ஒரே 'கொம்பு'தான். கிளையெண்ணி மதிப்பிடும் முறை முன்னதற்கன்றிப் பின்னதற்குப் பொருந்தாது. ஆகவே ஐரோப்பிய நூல்களில் 'உதிர்கொம்பு' என்று ஓரிடத்திலேனும் விளக்குவது நலம்.

இக்கால நூல்களில் வரும் 'கல்' (வினைச்சொல்) தனிச் சிக்கல். பழம் பிரெஞ்சில் கொய்தல், திரட்டுதல் என்று பொருள்பட்ட சொல்லிலிருந்து வந்து, ஆங்கிலத்தில் முதலில் 'தேர்ந்தெடு' என்றே நின்றது. இன்றோ மந்தையின் எண்ணிக்கையைக் குறைக்கவோ நலிந்தவற்றை நீக்கவோ கொல்லுதலைக் குறிக்கிறது. முற்கால வேட்டுவன் விட்ட மானை இக்கால மந்தைக் காவலன் கொல்கிறான். அவன் கொண்ட பெருங்கலையை இவன் இனப்பெருக்கத்திற்கென விட்டுவைப்பதும் உண்டு. எனவே பதினைந்தாம் நூற்றாண்டு நூலில் இச்சொல் வந்தால் 'தெரிந்தெடுத்தல்' என்றும், இக்கால வனவியல் நூலில் வந்தால் 'கழித்தல்' என்றும் பெயர்க்க வேண்டியுள்ளது.