பல்லுக் கொழுக்கட்டையும் பல்லுக் காய்ச்சலும்

திருகோணமலை உட்துறைமுகத்தை அடுத்த தெருக்களில், மாலை வேளையில் ஒரு வீட்டிலிருந்து அவித்த மாவின் மணமும் பெண்களின் சிரிப்பொலியும் ஒருங்கே எழுமாயின், அவ்வீட்டுக் குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதென அயலார் ஊகித்துக்கொள்வதுண்டு. குழந்தையை இருத்தித் தலைமேல் வெண்துகில் விரித்து, தேங்காய்ச் சொட்டுகளைப் பற்கள்போற் பதித்த கொழுக்கட்டைகளை மாமி முறையான ஒருவர் மெல்லச் சொரிவார். எதிரே தட்டில் ஏடும் எழுதுகோலும் நெல்லும் பொன்னும் இருக்கும். குழந்தை எதனைத் தொடுகின்றதோ அதுவே அதன் பிற்காலத் தொழில் என்பர். ஈழத்துத் தமிழரிடையே பரவலாக வழங்கும் இச்சடங்கே பல்லுக் கொழுக்கட்டை.

2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் என் தங்கை வீட்டில் இதற்கு நாள் குறித்திருந்தோம். குழந்தைக்கு வயது எட்டு மாதம். இரண்டு நாட்களுக்கு முன் காய்ச்சல் கண்டது. “பல் வருகுது பிள்ளை, அதுதான் உடம்பு சுடுது. பயப்படாதை,” என்றார் என் அன்னையார். நாங்களும் நம்பினோம். மறுநாட் காலையிற் குழந்தை பாலருந்த மறுத்துத் துவண்டு கிடந்தபோதுதான் வைத்தியசாலைக்கு ஓடினோம். இரத்தத்தைச் சோதித்தவர்கள் டெங்கு என்றனர். அந்நாட்களிற் கொட்டியாரக் குடாவின் ஓரத்திலுள்ள கிண்ணியாவில் டெங்கு கடுமையாகப் பரவியிருந்தது. அவ்வாண்டு இலங்கை முழுவதிலும் 1,86,000க்கு மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளாயினர். இதனை அறிந்திருந்தும், பல் என்ற ஒரு சொல் எங்கள் கண்களை மறைத்துவிட்டது.

இம்மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. 1839இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் 5,016 மரணங்களுக்குப் பல் முளைத்தலே காரணமென அரசாங்கப் பதிவேட்டில் எழுதப்பட்டது. அங்கு விற்பனையான பல்முளைப்புத் தூள்களிற் பாதரசச் சேர்க்கையான கலோமல் இருந்தது. அதனை உட்கொண்ட குழந்தைகள் சிலருக்குக் கைகால்கள் சிவந்து வலிக்கும் ‘இளஞ்சிவப்பு நோய்’ வந்தது. அதற்கும் பாதரசத்துக்குமுள்ள தொடர்பை வார்க்கனி, ஹப்பார்ட் என்னும் மருத்துவர்கள் 1948இல் வெளியிட்டனர். 1954இல் பிரித்தானியாவின் தூள்களிலிருந்து கலோமல் நீக்கப்பட்டதும் அந்நோயும் அருகி மறைந்தது. மருந்தே நோயாகி நின்ற கதை இது.

பல் முளைக்கும்போது உண்மையில் நிகழ்வது யாது? பெரும்பாலும் ஆறாம் மாதமளவிற் கீழ்த்தாடையின் முன்பற்கள் இரண்டும் ஈற்றைத் துளைத்து வெளிவரும். மூன்று வயதுக்குள் இருபது பாற்பற்களும் நிறைவுறும். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 125 குழந்தைகளின் 475 பற்கள் முளைத்த விதத்தை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. எச்சில் வடிதல், கண்டதைக் கடித்தல், சினந்தழுதல், திண்ணுணவில் விருப்பின்மை, சிறிதளவு உடற்சூடு ஆகியவை பல் வெளிவருவதற்கு நான்கு நாட்கள் முன்னும் மூன்று நாட்கள் பின்னுமாகவே காணப்பட்டன. கடுங்காய்ச்சலுக்கும் வாந்திக்கும் வயிற்றோட்டத்துக்கும் பல்லுடன் தொடர்பு காணப்படவில்லை. ஆறு மாதமளவில் தாயிடமிருந்து பெற்ற நோயெதிர்ப்பு குறைகின்றது. அதே பருவத்திற் குழந்தை தவழ்ந்து, கைப்பட்டதையெல்லாம் வாயிலிடுகின்றது. நோய்கள் வருவது அதனாலாகும். பழி மட்டும் பல்லின்மேல் விழுகின்றது.

நோவைத் தணிக்கச் செய்யத்தக்கவை எளியவை. கையை நன்கு கழுவி, விரலால் ஈற்றை மெல்ல அழுத்தித் தடவுக. கொதித்தாறிய நீரில் நனைத்த தூய துணியையோ, இறப்பர் வளையத்தையோ குளிர்சாதனப் பெட்டியிற் சற்றே குளிரவைத்துக் கடிக்கக் கொடுக்கலாம். உறையவைத்தல் ஆகாது, ஈறு புண்படும். வடியும் எச்சிலை அடிக்கடி ஒற்றியெடுத்தால் மோவாய் சிவக்காது. மடியிற் கிடத்தித் தாய்ப்பால் கொடுப்பதற்கு ஈடான ஆறுதலை நான் கண்டதில்லை.

தேன் குழைத்துத் தடவும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. ஒரு வயது நிறையுமுன் தேன் கூடாது. அதனாற் கொடிய நச்சு நோய் உண்டாகலாம். மரப்பிக்கும் பென்சோகெயின் களிம்பை இரண்டு வயதுக்குட்பட்டோருக்குப் பூசலாகாதென அமெரிக்க மருந்து நிருவாகம் 2018இல் எச்சரித்தது. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை அது குறைக்கக்கூடும். கழுத்தில் மணிமாலை கட்டுவதும் ஆபத்தே. வெப்பமானி 38 பாகை செல்சியசைக் காட்டினாலோ, குழந்தை சோர்ந்து பாலை மறுத்தாலோ, வயிற்றோட்டம் கண்டாலோ பல்லை மறந்து வைத்தியரை நாடுக. டெங்கு ஐயமிருப்பின் அசுப்பிரின், இபுபுரோபன் இரண்டையும் கொடுத்தலாகாது. பரசிற்றமோலையும் நிறைக்கேற்ற அளவறிந்தே கொடுத்தல் வேண்டும்.

எங்கள் குழந்தை ஒன்பது நாட்கள் வைத்தியசாலையில் இருந்து மீண்டது. அதன்பின் ஒரு ஞாயிறன்று கொழுக்கட்டை சொரிந்தோம். ஏட்டையும் பொன்னையும் அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மடியில் விழுந்த கொழுக்கட்டை ஒன்றைப் பற்றி நேரே வாய்க்குக் கொண்டுபோயிற்று. தேங்காய்ச் சொட்டுத் தொண்டையிற் சிக்கிவிடுமென என் அன்னையாரே முதலிற் பாய்ந்து அதனைப் பிடுங்கினார்.